இன்ஜினைச் செய்தவர் ஒருவர், சக்கரத்தை வார்த்தவர் வேறொருவர்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களுக்குச் சாமான் கொடுத்தவர்கள்

கேள்வி இதுதான்: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய இன்ஜின், பெட்டி, தண்டவாளம், பணிமனை இயந்திரம் ஆகியவற்றைத் தாமே செய்துகொண்டனவா, அல்லது பால்ட்வின் போன்ற பெரிய இன்ஜின் கம்பெனிகளே எல்லாவற்றையும் செய்து கொடுத்தனவா? எங்கே தேடினாலும் இன்ஜின் கம்பெனிகளின் பெயர்கள் மட்டுமே கிடைக்கின்றன என்றும் கேட்டவர் குறிப்பிட்டிருந்தார்.

இரண்டுமே முழு உண்மையல்ல. ரயில் நிறுவனங்கள் பழுதுபார்ப்பையும் ஓரளவு கட்டுமானத்தையும் தம் பணிமனைகளில் செய்தன; இன்ஜின் கம்பெனிகள் இன்ஜின்களைச் செய்தன. ஆனால் ஓடும் ரயிலை எடுத்துப் பார்த்தால், அதன் சக்கரம், சக்கரத்தின் எஃகு வளையம், பிரேக், பெட்டிகளைக் கோக்கும் கப்ளர், விளக்கு, எண்ணெய்க் குப்பி, நீராவி அளவுமானி என ஒவ்வொன்றும் தனித்தனி ஆலையில் பிறந்தவை. இந்தச் சிறு சாமான் வணிகம் தனித் தொழிலாக வளர்ந்ததற்கு, ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் பாதையில் ஓடத் தொடங்கியதே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. அதை விளக்கச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் அமெரிக்காவில் இத்தொழிலே கிடையாது. 1829ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேல் என்ற ஊரில் ஹொரேஷியோ ஆலன் ஓட்டிக் காட்டிய ‘ஸ்டவர்பிரிட்ஜ் லயன்’ என்னும் இன்ஜின், இங்கிலாந்தின் ஃபாஸ்டர், ராஸ்ட்ரிக் கம்பெனியிடமிருந்து கப்பலில் வந்தது. மரச்சட்டத்தின் மேல் இரும்புப் பட்டை அடித்த அந்தப் பாதைக்கு அதன் எடை மிக அதிகமாக இருந்ததால், சோதனை ஓட்டத்தோடு அதை ஓரங்கட்டிவிட்டார்கள். வாங்குகிறவனுடைய பாதையின் தாங்குதிறனும் விற்கிறவனுடைய இயந்திரத்தின் எடையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருந்த காலம் அது. அடுத்த ஆண்டு தென் கரோலினா ரயில் நிறுவனத்துக்காக ‘பெஸ்ட் ஃபிரண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற இன்ஜினை நியூயார்க்கின் வெஸ்ட் பாயிண்ட் வார்ப்பாலை செய்து கொடுத்தது. 1831 ஜூனில் அது வெடித்தது. சீறிய நீராவிச் சத்தம் பொறுக்காமல் கரி தள்ளுபவர் பாதுகாப்பு வால்வை அழுத்திப் பிடித்ததே காரணம் என்று கூறப்படுகிறது.

அதே 1831இல் நியூ ஜெர்சியின் கேம்டன் அண்ட் ஆம்பாய் நிறுவனத்துக்கு ராபர்ட் ஸ்டீவன்சன் கம்பெனி அனுப்பிய ‘ஜான் புல்’ இன்ஜின், பிரிக்கப்பட்ட பாகங்களாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. அதைப் பொருத்தும் வேலை ஐசக் டிரிப்ஸ் என்ற இளம் மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. அவர் அதற்கு முன் ரயில் இன்ஜினைக் கண்ணால் பார்த்தவரல்லர். பாகங்களோடு வரைபடமும் வரவில்லை. எப்படியோ பொருத்தி ஓட்டிவிட்டார். அந்தப் பாகங்களை, அவை வைக்கப்பட்டிருந்த போர்டன்டவுனுக்குச் சென்று கூர்ந்து பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் பிலடெல்பியாவின் மத்தயாஸ் பால்ட்வின்.

பால்ட்வின் அடிப்படையில் நகை, வெள்ளி வேலை கற்றவர். பிறகு புத்தகம் கட்டுவோருக்கான கருவிகளையும், துணியில் அச்சுப் பதிக்கும் உருளைகளையும் செய்தார். தம் பட்டறைக்கென ஒரு நீராவி இன்ஜின் செய்துகொண்டார். 1832 நவம்பரில் பிலடெல்பியா, ஜெர்மன்டவுன் அண்ட் நாரிஸ்டவுன் ரயிலுக்காக அவர் செய்த ‘ஓல்ட் அயர்ன்சைட்ஸ்’ ஓடியது. பேசிய விலை 4,000 டாலர். குறை நிறைகளைச் சொல்லிப் பேரம் நடந்து 3,500 டாலரில் கணக்கு முடிந்தது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் மட்டுமே இன்ஜின் ஓடும், மழை நாளில் குதிரைகளே இழுக்கும் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. பொருத்தமான கடைசல் இயந்திரம் இல்லாததால், ஒரு மரக்கட்டையில் உளியைப் பொருத்திக் கையால் சுழற்றித்தான் சிலிண்டரின் உட்புறத்தைக் குடைந்தார்கள். அதாவது, இன்ஜின் செய்யும் தொழிலுக்கு முன்னால் இன்ஜின் செய்யும் இயந்திரங்களைச் செய்யும் தொழில் வரவேண்டியிருந்தது. அதற்கு இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

இன்ஜின் கம்பெனிகளைப் பற்றி எளிதில் படிக்கக் கிடைக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியாவில் பால்ட்வினுக்குப் போட்டியாக நாரிஸ் இருந்தார். 1836 ஜூலையில் அவருடைய இன்ஜின் பெல்மாண்ட் சரிவில் ஏறிக் காட்டிய பெயரால், இங்கிலாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும்கூட ஏற்றுமதி நடந்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் நூற்பாலை இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த தாமஸ் ராஜர்ஸ், 1837 முதல் இன்ஜின்களுக்கு வந்தார். 1869 மே 10ஆம் நாள் யூட்டாவில் கண்டம் தாண்டும் பாதை இணைந்தபோது எதிரெதிரே நின்ற இரு இன்ஜின்களில் 119ஆம் எண் ராஜர்ஸ் செய்தது, ‘ஜூபிடர்’ ஸ்கெனெக்டடி ஆலை செய்தது. பால்ட்வின் ஆலை 1,000ஆவது இன்ஜினை 1861இலும், 5,000ஆவதை 1880இலும், 10,000ஆவதை 1889இலும் முடித்தது. எண்ணிக்கை ஏறுமுகமாகத் தெரிந்தாலும் தொழில் நிலையானதாக இல்லை. 1873இல் 437 இன்ஜின்கள் செய்த அதே ஆலை, அவ்வாண்டின் நிதி நெருக்கடிக்குப் பிறகு 1875இல் 130தான் செய்தது. ரயில் நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்காவிட்டால் முதலில் நிற்பது புதிய இன்ஜின் ஆர்டர். தேயும் சாமான்களுக்கான ஆர்டர் அப்படி நிற்பதில்லை. ரயில் ஓடுகிறவரை சக்கரம் தேயும், எண்ணெய் தீரும், விளக்குக் கண்ணாடி உடையும். சிறு சாமான் வணிகத்தின் பலம் இங்கேதான் இருந்தது.

தண்டவாளத்தில் நெடுங்காலம் இங்கிலாந்தும் வேல்சும்தான் முன்னின்றன. அடிப்பரப்பு தட்டையாக, நேரே மரக்கட்டையில் ஆணியடிக்கத்தக்க வடிவிலான தண்டவாளத்தை 1830இல் கேம்டன் அண்ட் ஆம்பாய் நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் ஸ்டீவன்ஸ் வகுத்தார். இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் மரத்துண்டைச் செதுக்கியே அந்த வடிவத்தைக் கண்டார் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அதை உருட்டித் தர ஆலை இல்லாததால் வேல்சின் டௌலைஸ் ஆலையில் செய்வித்து வரவழைத்தார். 1844இல் மேரிலாந்தின் மவுண்ட் சாவேஜ் ஆலை கனத்த தண்டவாளங்களை உருட்டத் தொடங்கியது. 1857இல் ஜான்ஸ்டவுனின் கேம்ப்ரியா ஆலையில் ஜான் ஃபிரிட்ஸ், மூன்று உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆலையை ஓட்டிக் காட்டினார். பழுக்கக் காய்ந்த இரும்பை ஒவ்வொரு முறையும் முன்பக்கத்துக்குத் தூக்கிக் கொண்டுவர வேண்டிய வேலை அதனால் ஒழிந்து, போகும்போதும் வரும்போதும் உருட்ட முடிந்தது.

எஃகுத் தண்டவாளம் வந்தபோது விலையில் நேர்ந்த வீழ்ச்சியை வேறு எந்தச் சாமானிலும் காண முடியாது. 1867இல் ஒரு டன் 160 டாலருக்கு மேல் விற்றது, 1898இல் 20 டாலருக்கும் கீழே இறங்கியது. 1875இல் ஆண்ட்ரூ கார்னகி பிராடாக்கில் தொடங்கிய எஃகு ஆலைக்கு, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் தலைவரான எட்கர் தாம்சனின் பெயரையே வைத்தார். ஆலையின் முதல் ஆர்டரும் அந்த நிறுவனத்திடமிருந்தே வந்தது. வாங்குகிறவரின் பெயரை விற்கிறவர் தம் ஆலைக்கு வைப்பது எப்படிப்பட்ட வணிகம் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சக்கரம் சற்று நின்று பேச வேண்டிய பொருள். இங்கிலாந்தில் தேனிரும்புச் சக்கரத்தின் மேல் தனி வளையம் ஏற்றுவது வழக்கம். அமெரிக்கர்கள் அதைவிட மலிவான வழியை எடுத்தார்கள். சரக்குப் பெட்டிகளுக்கு முழுச் சக்கரத்தையும் ஒரே வார்ப்பாக வார்ப்பிரும்பில் வார்த்தார்கள். வார்ப்பிரும்பு உடையக்கூடியது என்பது யாவரும் அறிந்தது. ஆனால் சக்கரத்தின் நடுப்பகுதியை மணலிலும், தண்டவாளத்தில் ஓடும் வெளிப்பரப்பை ஒரு கனத்த இரும்பு வளையத்தை ஒட்டியும் வார்த்தால், வளையத்தைத் தொட்ட இரும்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல் வெளுத்துக் கெட்டியாகிவிடும். மணலில் மெதுவாகக் குளிர்ந்த நடுப்பகுதி மிருதுவாகவும் அதிர்வைத் தாங்குவதாகவும் இருக்கும். ஒரே வார்ப்பில் இரண்டு குணம். கெடுதலும் அதிலேயே இருந்தது: ஓரம் ஒரு வேகத்திலும் நடு வேறொரு வேகத்திலும் சுருங்குவதால், வெளியே தெரியாத இழுவிசை உள்ளே தங்கி, என்றைக்கோ ஒரு குளிர்நாளில் ஓடும்போதே சக்கரம் பிளந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஏசா விட்னி. இவர் மோஹாக் அண்ட் ஹட்சன் ரயிலில் அதிகாரியாக இருந்து, 1842 முதல் 1846 வரை பால்ட்வினின் கூட்டாளியாகவும் இருந்தவர். பிறகு தனியே சக்கர ஆலை தொடங்கி, 1848இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். வார்த்த சக்கரத்தை இன்னும் சிவப்பாக இருக்கும்போதே வார்ப்பு அச்சிலிருந்து எடுத்து, முன்னரே சூடாக்கிய குழிகளில் அடுக்கி மூடி, நாட்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவதே அந்த முறை. சொல்லக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கோயம்புத்தூரில் வார்ப்பட வேலை பார்த்த எவரிடம் கேட்டாலும், வார்ப்பை ஆறவிடுவதில்தான் பாதித் தொழில் இருக்கிறது என்பார்கள். மூலப்பொருளும் முக்கியமாக இருந்தது. மரக்கரியில் உருக்கிய இரும்பையே சக்கர ஆலைகள் விரும்பின, அதனால் கனெக்டிகட்டின் சாலிஸ்பரிப் பகுதி இரும்புக்குத் தனி மதிப்பு இருந்தது. தேய்ந்த சக்கரங்களை ஆலையே திரும்ப எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பைப் புதிய சக்கரத்தின் விலையில் கழித்தது. பழைய பித்தளைப் பாத்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்குவதைப் போன்ற ஏற்பாடுதான். இதனால் ஒருமுறை வாங்கிய நிறுவனம் அதே ஆலையிடம் திரும்பத் திரும்பப் போனது.

இன்ஜினுக்கும் உயர்வகைப் பயணிகள் பெட்டிக்கும் வேறு வகைச் சக்கரம். இன்ஜினின் பெரிய சக்கரங்களுக்கான எஃகு வளையங்கள் ஜெர்மனியின் குரூப் ஆலையிலிருந்து வந்தன. ஒட்டுப்போட்ட தையல் இல்லாமல் ஒரே எஃகுக் கட்டியிலிருந்து வளையத்தை விரித்து உருட்டும் முறையை ஆல்ஃபிரட் குரூப் 1850களின் தொடக்கத்தில் கண்டிருந்தார். அக்கம்பெனியின் மூன்று வளைய முத்திரை அந்த ரயில் வளையங்களைத்தான் குறிக்கிறது. நியூயார்க்கின் தாமஸ் பிராசர் கம்பெனி அமெரிக்காவில் குரூப்பின் முகவராக இருந்தது. புல்மேன் கம்பெனி தன் உயர்வகுப்புப் பெட்டிகளுக்கு வாங்கிய சக்கரமோ இன்னும் விசித்திரமானது: ரிச்சர்ட் ஆலன் என்பவர் வைக்கோல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நீரழுத்த இயந்திரத்தில் இறுக்கி, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட்டுப் போட்டு, சுற்றிலும் எஃகு வளையம் ஏற்றிய காகிதச் சக்கரம். அதிர்வையும் இரைச்சலையும் அது விழுங்கிக்கொண்டதால் தூங்கும் பெட்டிகளுக்கு ஏற்றதாக இருந்தது. காகிதத்தின்மேல் ரயில் ஓடியது என்பதை முதலில் படித்தபோது நானும் நம்பவில்லை.

இனித்தான் தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 1850களில் ஒரு நிறுவனத்தின் பாதை எங்கே முடிகிறதோ அங்கே சரக்கை இறக்கி அடுத்த நிறுவனத்தின் பெட்டியில் ஏற்றுவார்கள். இது பெரும் செலவு. உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில், பெட்டியையே அடுத்த பாதைக்குத் தள்ளிவிடும் வழக்கம் பரவியது. உடனே ஒரு சிக்கல் எழுந்தது: பாஸ்டனில் கட்டிய பெட்டி இல்லினாய்சில் பழுதானால், அதைச் சரிசெய்யும் பணிமனையில் அந்த அளவு அச்சோ, அந்த மரை வெட்டிய போல்ட்டோ, அந்தப் பிரேக் கட்டையோ இருக்காது. யார் செய்வது, யார் பணம் கொடுப்பது? இதற்கு விதி வகுக்கவே 1867இல் பெட்டிப் பணிமனைகளின் தலைவர்கள் கூடி மாஸ்டர் கார் பில்டர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1869இல் கண்டம் தாண்டும் பாதை இணைந்தபோது தங்க ஆணி அடித்த விழாவைப் பற்றி எழுதியவர்கள் பலர். எனக்கு இந்தச் சங்கத்தின் அமைப்பே அதைவிடப் பெரிய நிகழ்ச்சியாகப் படுகிறது.

அவர்கள் 1873இல் அச்சுக்கு ஒரு பொது அளவை வகுத்தார்கள். அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். அதுவரை அச்சு என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் வரைபடத்தைக் கொடுத்துத் தனியாகச் செய்வித்துக்கொண்ட பொருள். பொது அளவு வந்தபின், ஆர்டர் வருவதற்கு முன்பே ஆலை ஆயிரக்கணக்கில் செய்து அடுக்கிவைத்து, நாடெங்கும் விற்கக்கூடிய சரக்காயிற்று. உதிரிப்பாக வணிகம் கடை வணிகமாக மாறியது அப்படித்தான்.

அளவுக்கு முன்னால் பெயரே குழப்பமாக இருந்தது. ஒரே பாகத்தை ஒரு பணிமனையில் ஒரு பெயராலும் அடுத்த பணிமனையில் வேறு பெயராலும் அழைத்ததால், கடிதத்திலோ தந்தியிலோ கேட்ட சாமான் ஒன்று, வந்து சேர்ந்தது மற்றொன்று. இதைத் தீர்க்கச் சங்கம் ஒரு குழு அமைத்து, ரயில் பொறியாளரும் இதழாசிரியருமான மத்தயாஸ் ஃபார்னியைக் கொண்டு 1879இல் பெட்டிப் பாகங்களுக்கான ஓர் அகராதியை, படங்களோடு, வெளியிட்டது.

மரை விஷயத்தில் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் செய்த வேலை தனிச்சிறப்பானது. இவர் பணிமனை இயந்திரங்கள் செய்து விற்றவர். இங்கிலாந்தின் விட்வொர்த் மரை 55 பாகைக் கோணமும் உருண்டையான முனையும் கொண்டது. அதைச் சரியாக வெட்டத் தேர்ந்த கைகளும் தனிக் கருவிகளும் தேவைப்பட்டன. 1864 ஏப்ரலில் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் செல்லர்ஸ் முன்வைத்தது 60 பாகைக் கோணமும் தட்டையான முனையும் கொண்ட மரை. சாதாரணப் பட்டறைத் தொழிலாளி சாதாரண லேத்தில் அதை வெட்டலாம், அளந்தும் பார்க்கலாம். 1868இல் அமெரிக்கக் கடற்படையும் அடுத்த ஆண்டில் பென்சில்வேனியா ரயில் நிறுவனமும் ஏற்றுக்கொண்டன. ஒரு ரயில் நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அதற்குச் சாமான் கொடுக்கும் நூற்றுக்கணக்கான ஆலைகளும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் வம்பு முடியவில்லை. எல்லாரும் செல்லர்ஸ் அளவு என்று சொல்லிக்கொண்டு செய்த போல்ட்டுகளிலும், ஓர் ஆலையின் நட்டு மற்றோர் ஆலையின் போல்ட்டில் ஏறவில்லை. காரணம், ஒவ்வோர் ஆலையும் தன்னிடமிருந்த அளவுக்கட்டையையே ஓர் அங்குலம் என்று நம்பியது. சங்கத்தின் சார்பில் ஃபார்னியும் குழுவினரும் ஹார்ட்ஃபர்டின் பிராட் அண்ட் விட்னி கம்பெனியை அணுக, அக்கம்பெனி ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் ராஜர்சையும் தன் பொறியாளர் ஜார்ஜ் பாண்டையும் கொண்டு, அங்குலத்தில் 50,000இல் ஒரு பங்கு வரை வேறுபாடு காட்டும் ஒப்பளவுக் கருவியை 1880களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதன் துணையால் செய்த அளவுகோல்கள் விற்பனைக்கு வந்த பிறகே மரை உண்மையில் ஒன்றானது. சரக்குப் பெட்டியின் துருப்பிடித்த போல்ட்டுக்காக அத்தனை நுட்பமான கருவி வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான்.

அளவு பொதுவாக இருக்க வேண்டும், ஆனால் காப்புரிமை ஒருவரிடம் இருக்கிறது என்ற நிலையில் என்ன ஆகும்? பிரேக்கும் கப்ளரும் இதற்கு இரண்டு வேறு விடைகள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 ஏப்ரலில் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு வயது 22. அதே ஆண்டு பிட்ஸ்பர்கில் கம்பெனி தொடங்கினார். முதல் அமைப்பில் இன்ஜினிலிருந்து காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அதைத் தலைகீழாக்கினார்: ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு காற்றுத் தொட்டி, அதோடு மும்முனை வால்வு. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால், வேண்டுமென்றே குறைத்தாலும் குழாய் அறுந்து குறைந்தாலும், பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். செய்யும் உரிமையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல், தம் ஆலையிலேயே செய்து முழுத் தொகுதியாக அவர் விற்றார். எல்லாப் பெட்டிகளின் பிரேக்கும் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டியிருந்ததால், முதலில் பரவிய தொகுதியே நிலைத்தது.

பயணிகள் ரயிலில் வென்ற பிரேக், நீண்ட சரக்கு ரயிலில் திணறியது. 1886இல் ஐயோவாவின் பர்லிங்டனில் அந்தச் சங்கம் 50 பெட்டிகள் கொண்ட ரயில்களை வைத்துச் சோதனை நடத்தியது. அவசரமாகப் பிரேக் போட்டபோது முன்பெட்டிகள் நின்றுவிட, காற்றழுத்தம் குறையும் செய்தி கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேருமுன் பின்பெட்டிகள் வந்து மோதின. உள்ளே இருந்தவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள். 1887 சோதனையிலும் தீரவில்லை. அதே ஆண்டுக்குள் வெஸ்டிங்ஹவுஸ் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் தன்னிடமே குழாயின் காற்றைச் சிறிது வெளியேற்றி, அழுத்தக் குறைவை அடுத்த பெட்டிக்கு விரைவாகக் கடத்தும்படி மாற்றியமைத்து, 50 பெட்டி ரயிலை நகர் நகராகக் கொண்டுசென்று காட்டினார். வாங்குகிறவர்களின் சங்கம் சோதிக்க, விற்கிறவர் தம் பொருளைத் திருத்தியதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

கப்ளரில் நிலை வேறு. பழைய முறையில் இரு பெட்டிகளுக்கு நடுவே ஆள் நின்று, பெட்டி நெருங்கி வரும் நொடியில் இரும்பு வளையத்தை வழிகாட்டி நுழைத்து, மேலிருந்து ஆணியைப் போட வேண்டும். விரல் இழக்காத பிரேக் பணியாளர் புதியவராகத்தான் இருப்பார் என்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள். இதை மாற்ற ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் பதிவாயின. அவற்றுள் நின்றது, வர்ஜீனியாவின் துணிக்கடை எழுத்தர் ஈலை ஜேனி 1873இல் காப்புரிமை பெற்றது. இரு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்ததுபோல் இரண்டு கொக்கிகள் மோதியவுடன் தாமே பூட்டிக்கொள்ளும். பிட்ஸ்பர்கின் மெக்கான்வே அண்ட் டார்லி ஆலை அதை வார்த்தது. சங்கம் அந்த வகையைப் பொது அளவாக ஏற்க முன்வந்தபோது ஒருவரின் காப்புரிமைக்குள் நாடு முழுவதையும் அடைக்க மனமில்லாமல் தயங்கியது. கொக்கியின் வெளிவளைவு மீதான உரிமையை ஜேனி தரப்பு விட்டுக்கொடுத்த பிறகே காரியம் நடந்தது. உட்பூட்டு எப்படியிருந்தாலும் வெளிவளைவு ஒன்றாக இருந்தால் போதும் என்றானதும், பல வார்ப்பாலைகள் தத்தம் கப்ளர்களோடு சந்தைக்கு வந்தன. 1893 மார்ச் 2ஆம் நாள் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் தானியங்கிக் கப்ளரையும் காற்றுப் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. 1898 தொடக்கம் என்றிருந்த கெடு 1900 ஆகஸ்டு வரை நீண்டது. ஐயோவாவின் லொரென்சோ காபின் இச்சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்.

இவ்வளவையும் ஆலையிலிருந்து ரயில் நிறுவனத்துக்குக் கொண்டுசேர்த்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மாரிஸ் ஜெசப் என்பவர் 1850களில் ரயில் சாமான் முகவராகத் தொடங்கினார். புதிதாகப் பாதை போடும் நிறுவனங்களிடம் ரொக்கம் இருக்காது, கடன் பத்திரம்தான் இருக்கும். சாமானுக்கு ஈடாகப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை விற்றுப் பணமாக்கத் தெரிந்த முகவர் மெல்ல வங்கியாளராகிவிடுவார். ஜெசப்பும் அவருடைய கூட்டாளி ஜான் ஸ்டீவர்ட் கென்னடியும் அப்படி ஆனவர்களே. அந்தக் கடையில் வேலை பார்த்த ஜான் கிரெரார், சிகாகோவுக்குப் போய் கிரெரார், ஆடம்ஸ் கம்பெனியை நடத்தினார். இவர் 1889இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்திலிருந்து 1897இல் சிகாகோவில் பொது நூலகம் ஒன்று திறக்கப்பட்டது.

கண்டம் தாண்டும் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்ட சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் ஹண்டிங்டனும் ஹாப்கின்சும் சாக்ரமென்டோவில் இரும்புக்கடை வைத்திருந்தவர்கள். ஹண்டிங்டன் நியூயார்க்கில் தங்கிக் கொள்முதல் செய்தார். அந்தப் பாதைக்கான 1862 சட்டப்படி தண்டவாளம் அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலோ ஆலை கிடையாது. ஆகவே தண்டவாளம், ஆணி, இன்ஜின் எல்லாம் கிழக்குக் கரையில் வாங்கி, பெரும்பாலும் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து சேர்ந்தன. முன்னர் சொன்ன ‘ஜூபிடர்’ இன்ஜினும் பிரித்துப் பெட்டியிடப்பட்டு, கடல்வழியாகச் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து, அங்கிருந்து ஆற்றுப் படகில் சாக்ரமென்டோ சேர்ந்ததுதான்.

பணிமனை இயந்திரங்களில் செல்லர்ஸ், பிலடெல்பியாவின் பெமென்ட், ஒஹையோவின் நைல்ஸ் ஆகிய பெயர்கள் முன்னின்றன. அச்சோடு சேர்ந்த இரு சக்கரங்களையும் ஒருங்கே கடையும் பெரிய லேத், சக்கர நடுத்துளையைக் குடையும் இயந்திரம், சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றும் நீரழுத்த இயந்திரம் ஆகியவை எந்தப் பணிமனைக்கும் அடிப்படை. பாதையோரச் சாமான்களுக்கு வந்தால், முழுப் பெட்டியையும் தண்டவாளத்தோடு நிறுக்கும் எடைமேடையை வெர்மான்டின் ஃபேர்பேங்க்ஸ் செய்தது. தேடியஸ் ஃபேர்பேங்க்ஸ் 1831இல் காப்புரிமை பெற்ற மேடைத் தராசின் வளர்ச்சி அது. மண் வெட்டும் நீராவி இயந்திரத்துக்கு 1839இல் காப்புரிமை பெற்ற வில்லியம் ஓட்டிஸ் அதே ஆண்டு இளவயதில் இறந்துபோனார். 1880இல் ஒஹையோவில் தொடங்கிய புசைரஸ் கம்பெனிதான் பின்னாளில் அத்தொழிலில் பெயர்பெற்றது. பனியை வெட்டி வீசும் சுழல் இயந்திரத்தை முதலில் எண்ணியவர் டொரன்டோவின் பல் மருத்துவர் ஒருவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்கு எண்ணெய் சொட்டவிடும் குப்பிக்கு 1872இல் காப்புரிமை பெற்ற எலைஜா மெக்காய், அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போன பெற்றோருக்குப் பிறந்தவர்; ஸ்காட்லாந்தில் பொறியியல் பயின்று வந்தும், கறுப்பர் என்பதால் மிச்சிகன் சென்ட்ரல் ரயிலில் கரி தள்ளும் வேலைதான் கிடைத்தது. எண்ணெயின் அருமை அவருக்கு அங்கே தெரிந்தது.

எண்ணெய் என்றதும் வாங்குகிறவர் பக்கத்தில் நடந்த ஒரு மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1875இல் பென்சில்வேனியா ரயில் நிறுவனம் ஆல்டூனா பணிமனையில் சார்ல்ஸ் டட்லி என்ற வேதியியலாளரை அமர்த்தியது. சிலிண்டருக்கு விடும் மாட்டுக் கொழுப்பிலுள்ள அமிலம் உள்ளேயிருந்து இரும்பை அரிக்கிறது என்று காட்டி, எத்தகைய கொழுப்பை மட்டும் வாங்கலாம் என்று அவர் எழுத்தில் வரையறுத்தார். அடுத்துத் தண்டவாளத்துக்கு வந்தார். தேய்ந்த தண்டவாளங்களை ஆராய்ந்து, கெட்டியான எஃகைவிடச் சற்று மிருதுவான எஃகே குறைவாகத் தேய்கிறது என்று 1878இல் அறிவித்தார். எஃகு ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் பொருளின் உட்கூறை வாங்குகிறவன் எப்படித் தீர்மானிக்கலாம் என்பதே அவர்களின் வாதம். அதுவரை சாமான் விற்பனை ஆலையின் பெயரையும் முகவரின் உறவையும் நம்பி நடந்தது. இனி மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறாவிட்டால் சரக்கைத் திருப்பிவிடலாம் என்றாயிற்று.

நூற்றாண்டு முடியும்போது சிறு ஆலைகள் ஒன்றாகத் திரண்டன. 1899இல் 13 பெட்டி ஆலைகள் சேர்ந்து அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி ஆயின. அதே ஆண்டில் நைல்சும் பெமென்ட்டும் ஒரே கம்பெனியாயின. 1901இல் ஸ்கெனெக்டடி உள்ளிட்ட எட்டு இன்ஜின் ஆலைகள் இணைந்தன. பால்ட்வின் தனித்தே நின்றது.

இன்ஜின் கம்பெனிகளின் பெயர்களே கிடைக்கின்றன என்ற குறைக்கு ஒரு வழி சொல்ல முடியும். அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் ஏலங்களிலும் வரும் ரயில் கைவிளக்குகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், மூடியிலோ கண்ணாடியிலோ ரயில் நிறுவனத்தின் முதலெழுத்துகளும், வேறோர் இடத்தில் ஆடம்ஸ் அண்ட் வெஸ்ட்லேக், டியெட்ஸ் போன்ற செய்தவர் பெயரும் பொறித்திருக்கும். சிகாகோவின் ஆடம்ஸ் அண்ட் வெஸ்ட்லேக், மேலே சொன்ன கிரெராரின் கூட்டாளியான ஆடம்ஸ் சேர்ந்து நடத்திய ஆலைதான். சக்கரத்தின் உட்பக்கத்திலும், கப்ளரின் தலையிலும், தண்டவாளத்தின் இடைப்பகுதியிலும் அதேபோல் ஆலையின் பெயரும் ஆண்டும் வார்ப்பிலோ உருட்டலிலோ பதிந்திருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.